எந்தத் தரையிலிருந்து அளப்பது? நகராட்சி வழக்குகளில் பணியாற்றியவர்களின் அனுபவப் பகிர்வு

முதல் பகிர்வு: நகராட்சி வழக்கறிஞர், நீலகிரி

நீலகிரியில் உள்ள ஒரு நகராட்சிக்குப் பதினொரு ஆண்டுகளாக வழக்கறிஞராக இருந்து வருகிறேன். தரப்பினரை அடையாளம் காட்டக் கூடாது என்பதால் ஊரின் பெயரையும் கட்டடத்தின் பெயரையும் சொல்லவில்லை. நகராட்சி வக்கீல் என்றவுடன் பலர் என்னை அரசு வழக்கறிஞர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆட்சியருக்காகவும் வட்டாட்சியருக்காகவும் வாதாடுபவர் அரசு வழக்கறிஞர். நகராட்சி மன்றமோ தன் பெயரிலேயே வழக்குத் தொடரவும் வழக்கை எதிர்கொள்ளவும் உரிமையுள்ள தனி அமைப்பு. அதற்குத் தனியாக ஒருவர் வக்காலத்துத் தாக்கல் செய்ய வேண்டும். ஒரே வழக்கில் நாங்கள் இருவரும் அடுத்தடுத்த பிரதிவாதிகளுக்காக நிற்பதும், இரண்டு அலுவலகங்களின் எதிருரைகள், அதாவது பிராதுக்குப் பிரதிவாதி தரும் எழுத்துப் பதில்கள், ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு.

நான் சொல்ல விரும்புவது ஒரு தங்கும் விடுதி வழக்கைப் பற்றி. சாலையிலிருந்து பார்த்தால் அது ஒற்றைத் தளக் கட்டடம். பக்கவாட்டுப் படிகளில் இறங்கிப் போனால் சரிவுக்குள் மேலும் இரண்டு தளங்கள் இருக்கும். வீடு கட்டுவதற்குத்தான் அனுமதி பெற்றிருந்தார்கள். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 56, 57 ஆகிய பிரிவுகளின் கீழ் நகராட்சி அறிவிப்பு கொடுத்தவுடன், உரிமையாளர் முன்சீப் கோர்ட்டில் பிராது போட்டு இடைக்காலத் தடை வாங்கிவிட்டார். எதிருரையை 30 நாட்களுக்குள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். அந்த வழக்குக் கட்டு என் கைக்கு வந்தபோது இரண்டு மழைக்காலங்கள் கடந்திருந்தன. எதிருரை இல்லாததால் நகராட்சி தோன்றாத் தரப்பாக, அதாவது நீதிமன்றத்துக்கு வராத தரப்பாக, வைக்கப்பட்டிருந்தது. தீர்ப்பு மட்டும்தான் இன்னும் வரவில்லை. தோன்றாத் தரப்பாக வைத்த அந்த உத்தரவை நீக்கக் கோரும் மனுவிலிருந்துதான் என் வேலை தொடங்கியது.

இங்குள்ள கட்டட விதிகளை வெறும் தொல்லையாக நினைப்பவர்கள் 2009 நவம்பரை மறந்துவிட்டார்கள் என்றே எண்ணுகிறேன். இம்மாவட்டத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஹாக்கா என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990-இல் அமைக்கப்பட்டது. மலை நகரங்களுக்கான கட்டட விதிகள் 1993-இல் வந்தன. கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்று அவற்றில் இருந்த வரம்பு இங்கே ஆட்டோ ஓட்டுநருக்கும் தெரியும். ஆனால் அந்த 7 மீட்டரை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் எங்கள் வழக்கு முழுவதும் தங்கியிருந்தது. சாலை மட்டத்திலிருந்து அளந்தால் தம் கட்டடம் 4 மீட்டர்கூட இல்லை என்றார் வாதி. கீழே இருப்பவை தளங்களே அல்ல, மண்ணைத் தாங்குவதற்காகக் கட்டிய அடித்தளம் என்பது அவருடைய வாதம். அந்த அடித்தளத்தில் குளியலறையுடன் கூடிய எட்டு அறைகள் இருந்தன. மண்ணை வெட்டுவதற்கு முன்பிருந்த இயற்கைத் தரையிலிருந்து அளக்க வேண்டும் என்பது எங்கள் வாதம்.

இடத்தைப் பார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கச் செய்து, நில அளவையருடன் இடத்தைப் பார்க்கச் சென்றோம். மண்ணை வெட்டியும் நிரப்பியும் சமன் செய்துவிட்ட இடத்தில் பழைய தரை எங்கே இருந்தது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. சாலையோரத்தில் நின்று நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, விடுதிக்குக் கீழே குடியிருக்கும் ஒரு மூதாட்டி மேலேறி வந்தார். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில், சிறுமியாக இந்த மலைக்கு வந்து, கொழுந்து பறித்தே வாழ்ந்தவர் அவர். “வக்கீலம்மா, மேல நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது. கீழ வந்து தேயிலச் செடியோட தூரப் பாருங்க,” என்றார். விடுதியை ஒட்டிய நிலம் அப்போதும் தேயிலையாகவே இருந்தது. அங்கே செடிகளின் தூர் மண்ணில் பதிந்திருந்த மட்டம் சரிவின் பழைய கோட்டை அப்படியே காட்டியது. அந்தக் கோடு எல்லையில் வெட்டப்பட்ட இடத்தில் வேர்கள் ஆள் உயரத்தில் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. ஆணையர் அதைப் படம் எடுத்து, அளவையரைக் கொண்டு மட்டம் பார்த்து, அறிக்கையில் சேர்த்தார்.

அது மட்டுமே போதாது என்பதால் நகராட்சியின் பதிவறையில் மூன்று நாட்கள் தேடினோம். மலைக் குளிரில் காகிதம் என்ன ஆகும் என்பது இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். பூஞ்சை பிடித்த தாள்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுப்பதே தனி வேலை. அதில் உரிமையாளரே முதலில் வீட்டுக்காகக் கொடுத்த வரைபடம் கிடைத்தது. கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் காட்டும் அதன் வெட்டுத் தோற்றத்தில் இயற்கைத் தரையின் கோடு அவருடைய பொறியாளர் கையெழுத்துடன் வரையப்பட்டிருந்தது. தேயிலைத் தூர் காட்டிய கோடும் அந்தக் கோடும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. இடைக்காலத் தடை நீக்கப்பட்டது; மேல்முறையீட்டிலும் அந்த உத்தரவு நிலைத்தது. கடைசியில் உரிமையாளர் அவகாசம் கேட்டு மேல்தளத்தைத் தாமே இடித்துக்கொண்டார். இப்போது சாலையில் செல்பவர்களுக்கு அங்கே ஒரு மொட்டை மாடி மட்டும்தான் தெரியும்.

ஆனால் இந்த வழக்கில் என் மனத்தில் அதிகம் தங்கியிருப்பது வெற்றி அல்ல. அதே கோப்பின் பின்பகுதியில், அந்த மூதாட்டியின் வீட்டுக்கும் ஓர் அறிவிப்பு இருந்தது. சமையலறைக்கு மேல் அவர் போட்ட தகரக் கூரையும் அனுமதியற்ற கட்டுமானம் என்று அதில் எழுதியிருந்தார்கள். விடுதிக்காரரிடம் தடை உத்தரவு இருந்ததால் அவரைத் தொட முடியவில்லை. தடை வாங்க வழியில்லாத இவர்மீது நடவடிக்கை எடுத்து, நடவடிக்கைப் பட்டியலில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ள அலுவலகம் முனைந்திருந்தது. விளக்கம் கேட்கப்படவில்லை, அறிவிப்பைக் கதவில் ஒட்டியதாக எழுதியிருந்த தேதியில் அவர் கோவை மருத்துவமனையில் இருந்திருக்கிறார். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற வேண்டும் என்று எழுத்து மூலம் கருத்துரை கொடுத்தேன். நீங்கள் யாருடைய வக்கீல் என்று என்னிடம் கேட்கப்பட்டது. நகராட்சியின் வக்கீல் என்பதால்தான் சொல்கிறேன், விசாரணையில்லாத உத்தரவு எந்த நீதிமன்றத்திலும் நிற்காது என்று பதில் எழுதினேன். ஏழு மாதங்கள் கழித்து அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அந்த ஏழு மாதங்களும் அவர் என்னைக் கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

இரண்டாம் பகிர்வு: பணி ஓய்வு பெற்ற நகராட்சி எழுத்தர், கொடைக்கானல் மலைப்பகுதி

மேலே எழுதியுள்ள அம்மையார் எதிருரை தாக்கலாகாததைக் குறிப்பிட்டிருக்கிறார். அலுவலகத்தின் பக்கத்திலிருந்து அது எப்படி நிகழ்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சம்மன் தபால் பிரிவில் பதிவாகி நகராட்சி ஆணையர் பார்வைக்குப் போகும். அங்கிருந்து நகரமைப்புப் பிரிவுக்கு வரும். பிராதின் ஒவ்வொரு பத்திக்கும் பதில் குறிப்பு எழுதி வழக்கறிஞருக்கு அனுப்ப வேண்டியவர் நகரமைப்பு ஆய்வாளர். அவர் மாறுதலில் போய்விட்டால், புதிதாக வருபவர் தாம் பார்க்காத இடத்தைப் பற்றிக் கையெழுத்திடத் தயங்குவார். சீசன் தொடங்கிவிட்டால் ஏரிக்கரைக் கடைகள், குப்பை, குடிநீர் என்று அலுவலகம் முழுவதும் வெளியே இருக்கும். நான் பணியில் இருந்த காலத்தில், ஒரு பாதை வழக்கில் இப்படித்தான் எங்கள் தரப்பு இல்லாமலேயே ஒருதலைத் தீர்ப்பு வந்தது. அதை நீக்கக் கோர 30 நாட்கள்தான் காலவரம்பு. எங்களுக்கு விவரம் தெரிந்தபோது நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை சென்றும் பயனில்லை. ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போன அந்தப் பாதையில் இப்போது இரும்புக் கதவு இருக்கிறது. வழக்குப் பதிவேட்டை நான்தான் பராமரித்தேன். அடுத்த வாய்தா என்ற கட்டத்தில் தேதியை எழுதாமல் விட்டவனும் நான்தான். அந்தக் கதவைக் கடந்து போக நேரும்போது இன்றைக்கும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

முதல் பகிர்வாளரின் மறுமொழி

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் பதில் எழுத முடியாமல் இருந்தேன். இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. குறிப்பு வரவில்லை என்று ஒரு கடிதம் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது ஒவ்வொரு வாய்தாவும் முடிந்த மாலையில் நேராக நகராட்சி அலுவலகத்துக்குச் செல்கிறேன். எழுத்தரின் மேசையில் உள்ள வழக்குப் பதிவேட்டைத் திறந்து, அடுத்த தேதியையும் அதற்குள் எனக்கு வேண்டிய கோப்பின் எண்ணையும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன்.