‘மேலத்தெரு வீடு’ வாட்ஸ்அப் குரூப்பைக் கலைக்கப்போறாராம் பெரியப்பா

சங்கர் பெரியப்பா: எல்லாருக்கும் ஒரு தகவல். இன்னிக்கு ராத்திரியோட குரூப்பைக் கலைக்கிறேன். முத்து நேத்து ஒரு பெண் அதிகாரியைப் பத்திக் கேவலமா ஒரு செய்தியைப் போட்டானே, அதுக்கு அட்மினைத்தான் பிடிப்பாங்களாம்.

சுந்தரி அத்தை: பெரியண்ணே, அப்பா சதாபிஷேகத்துக்குப் பத்து நாள்தான் இருக்கு

கார்த்தி: பந்தல்காரர் நம்பர் இதுலதான் கிடக்கு

மீனா: கலைக்காதீங்க பெரியப்பா. கரூர் வக்கீல்கள் குரூப் ஒண்ணுல இதே பிரச்சினை வந்தது. வெறும் அட்மினா இருந்ததைத் தவிர வேற பங்கு இல்லைன்னா குற்றப்பத்திரிகையிலிருந்து பேரை எடுத்துடணும்னு 2021 டிசம்பர்ல ஐகோர்ட் மதுரைக் கிளை சொல்லிடுச்சு.

சங்கர் பெரியப்பா: அப்ப எனக்கு ஒண்ணுமில்லையே?

மீனா: உங்களுக்கு இல்ல. சித்தப்பாவுக்குத்தான் பயப்படறேன்.

முத்து சித்தப்பா: நான் எழுதலையே. வந்ததை அனுப்பினேன்

மீனா: எஸ்.வி.சேகர் வழக்குலயும் இதே வாதம்தான் சித்தப்பா. 2018ல பெண் பத்திரிகையாளர்களை இழிவா எழுதின பதிவு. வேற யாரோ எழுதினதை பேஸ்புக்ல பகிர்ந்தார். எடுத்துட்டார், மன்னிப்பும் கேட்டார். ஆனா அனுப்பின செய்தி வில்லை விட்டுக் கிளம்பின அம்பு மாதிரின்னு சொல்லி, 2023ல வழக்கை ரத்து பண்ண ஐகோர்ட் மறுத்துடுச்சு. 2024 பிப்ரவரியில ஒரு மாசம் சிறை, 15,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரி 2ஆம் தேதி சென்னை ஐகோர்ட்டும் தண்டனையை உறுதி செஞ்சது.

முத்து சித்தப்பா: அப்ப பேச்சுரிமைங்கிறது?

மீனா: இருக்கு. சிறுமலைக்கு டூர் போனவர் ‘துப்பாக்கிப் பயிற்சிக்காக’ன்னு விளையாட்டா போட்டதுக்கு வாடிப்பட்டி போலீஸ் வழக்கு போட்டாங்க. அதையும் 2021 டிசம்பர்ல இதே மதுரைக் கிளைதான் ரத்து பண்ணுச்சு. அந்தம்மா வேலை சரியில்லைன்னு எழுதுங்க, நானே வந்து வாதாடறேன். நீங்க அனுப்பினது வேலையைப் பத்தியா? பதவி எப்படி வந்ததுன்னு கேவலமா ஒரு கதை. படிச்சப்போ எனக்குக் கை நடுங்கிச்சு. என்னைப் பத்தியும் நாளைக்கு எவனாவது இப்படித்தானே எழுதுவான்?

சுந்தரி அத்தை: டைப்ரைட்டிங் கிளாசுக்கு என்னை அனுப்பக்கூடாதுன்னு அப்பாகிட்ட சொன்னதும் சின்னண்ணன்தான்

முத்து சித்தப்பா: முப்பது வருஷக் கதை இப்ப எதுக்கு

கார்த்தி: வாழைமரம் எத்தனை ஜோடி? பந்தல்காரர் லைன்ல இருக்கார்

சங்கர் பெரியப்பா: ரெண்டு. குலையோட

முத்து சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மீனா: நன்றி சித்தப்பா. வேற எங்கயாவது அனுப்பினீங்களா?

முத்து சித்தப்பா: வாக்கிங் குரூப்ல. மூணு நாள் ஆச்சு. இப்ப அழுத்தினா ‘எனக்கு மட்டும் நீக்கு’ன்னுதான் வருது

மீனா: போன் பண்றேன், எடுங்க

சங்கர் பெரியப்பா: சரி, விசேஷம் முடியட்டும், குரூப் இருக்கட்டும். ஐயருக்கு அட்வான்ஸ் யாரு கொடுத்தது?