மூன்று மாதப் பாப்பாவுக்குத் தலை சின்னதாம், ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்

மழைமேகம்:
பாப்பா நிறைமாதத்தில்தான் பிறந்தாள். அப்போது தலைச் சுற்றளவு 31 செ.மீ. இப்போது தடுப்பூசிக்குப் போன இடத்தில் அளந்துவிட்டு 35தான் இருக்கிறது, மைக்ரோசெஃபாலி, அதாவது வயசுக்கு இருக்க வேண்டியதைவிடத் தலை ரொம்பச் சின்னதாக இருப்பது, போலத் தெரிகிறது, எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள், அவர் என் தாய்மாமா மகன். கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்று மாமியார் ஒரே பேச்சு. வளர வளரச் சரியாகிவிடுமா? டானிக் ஏதும் உண்டா?

நர்ஸ்_அக்கா:
கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை தங்கச்சி. நிறைமாதப் பெண் குழந்தைக்குப் பிறக்கும்போது தலைச் சுற்றளவு 31.5க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும், முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 2 செ.மீ. போல ஏற வேண்டும், உங்களுக்கு மொத்தமே 4தான் ஏறியிருக்கிறது, அதனால் டாக்டர் சொன்னது சரிதான். டானிக் கிடையாது, யாராவது விற்றால் வாங்காதீர்கள். மூளை வளர்ந்து தள்ளினால்தான் மண்டை ஓடு விரியும். மண்டை ஓட்டு இணைப்புகள் சீக்கிரமே மூடிக்கொள்வது வேறு கதை, அதற்கு ஆபரேஷன் உண்டு. அப்புறம், உங்கள் இருவர் தலையையும் அளந்து டாக்டரிடம் சொல்லுங்கள், சில குடும்பங்களில் எல்லாருக்குமே சின்னத் தலை, அறிவில் ஒரு குறையும் இருக்காது.

சேலத்துக்காரன்:
கர்ப்பத்தில் காய்ச்சல் வந்ததா? 2015ல் பிரேசிலில் ரெசிஃபே பக்கம் இப்படிக் குழந்தைகள் நிறையப் பிறந்தது ஜிகா வைரஸால்தானே, டெங்கு பரப்பும் அதே கொசு.

நர்ஸ்_அக்கா:
கேட்பது நியாயம், ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை கர்ப்பத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகும் சைட்டோமெகலோ வைரஸ், ருபெல்லா தொற்றுகள், பிரசவத்தில் மூச்சுத்திணறல், மரபணு. சொந்தத்தில் கட்டியதால் மரபணு ஆலோசனையை விடாதீர்கள், பெற்றோர் இருவரிடமும் ஒரே மரபணுக் கோளாறு மறைந்திருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

குட்டியம்மா:
என் மகனுக்கும் இதேதான், இப்போது ஆறு வயது. நடை லேட், பேச்சு இன்னும் லேட், ஆனால் மாமா வண்டிச் சத்தம் கேட்டால் வாசலில் நிற்பான். வளர்ச்சி தாமதமாகும் குழந்தைகளைப் பார்க்கும் அரசு மையமான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போங்கள், இலவசம்தான். ஸ்கேன் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருக்காமல் காது, கண் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

மழைமேகம்:
நன்றி அக்கா. எம்.ஆர்.ஐ.க்கு மயக்க மருந்து கொடுப்பார்களா?

நர்ஸ்_அக்கா:
இந்த வயசில் பல இடங்களில் பால் கொடுத்து, துணியில் சுற்றித் தூங்கவைத்தே எடுத்துவிடுவார்கள். மயக்கம் கொடுப்பதென்றால் வெறும் வயிறு வேண்டும், அதனால் எப்போது பால் கொடுக்கலாம் என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.