புதுப்பிப்பு: கொக்லியர் கருவி வைத்த மகளின் பள்ளிக்கூடச் சோர்வு

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. உட்காதில் பொருத்தி, ஒலியை மின் துடிப்பாகக் கேட்கும் நரம்புக்குக் கொடுக்கும் கொக்லியர் கருவி வைத்த எட்டு வயது மகள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்ததும் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் சுருண்டு படுப்பது ஏன் என்று போன தவணை கேட்டிருந்தேன்.

காரணம் கேட்கும் களைப்புதான். சாதாரணக் காதில் ஒலியை உணரும் சுமார் 3,500 உள் மயிர்க்கலங்கள் செய்யும் வேலையை இவளுக்குக் கருவியின் 22 மின்முனைகள் செய்கின்றன. மிச்சத்தை மூளை ஊகித்து நிரப்புகிறது. வகுப்பிலோ ஃபேன், ஜன்னலுக்கு வெளியே காலி வீதி (Galle Road) பஸ் ஹோர்ன்.

இடம் மாற்றி உட்கார வைத்ததில் பெரிய மாற்றமில்லை. ஒருவர் சொன்னபடி ரீச்சர் கழுத்தில், குரலை நேரே இவள் கருவிக்கு அனுப்பும் றிமோட் மைக் மாட்டியதுதான் வேலை செய்தது. மூன்றாம் வாரமே வந்ததும் சைக்கிளைத் தேடினாள். அப்புறம், எதிர்பாராத ஒன்று: இடைவேளையில் ரீச்சர் மைக்கை அணைக்க மறந்துவிட, பக்கத்து அறைச் சேலைக் கதை முழுக்க இவளுக்குக் கேட்டிருக்கிறது!