பழைய கச்சேரி அரங்குக்குள் ஒலிபெருக்கி வேண்டுமா?

கடைசிவரிசை:
போன மாதம் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஓர் அரங்குக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். மரத்தரை, பொன்பூச்சுத் தூண்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கூரை. வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பார்த்தால் மேடையில் டிரம்ஸ், இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள். ஒரு அடியின் முழக்கம் அடங்குவதற்குள் அடுத்த அடி அதன்மேல் வந்து விழுகிறது. பாடியவர் சொன்னதில் ஒரு வரிகூடப் புரியவில்லை. இந்த மாதிரி அரங்குகளில் ஒலிபெருக்கிக் கச்சேரியே நடத்தக் கூடாது என்பது என் கட்சி. அந்தக் கட்டடமே ஒரு வாத்தியம். வீணைக்குக் குடம் எப்படியோ அப்படித்தான் மேடைக்கு அந்த அரங்கு.

மாடிப்படி:
ஒத்துக்கொள்ள மாட்டேன். நியூயார்க்கின் கார்னெகி ஹால் 1891-இல் திறந்தபோது ரஷ்ய இசையமைப்பாளர் சாய்காவ்ஸ்கி வந்து இசை நடத்தினார். அதே மேடையில் 1938-இல் பென்னி குட்மனின் ஜாஸ், 1964-இல் பீட்டில்ஸ். நடுவில் அதை இடித்துவிட்டு உயரக் கட்டடம் எழுப்பத் திட்டம் போட்டார்கள். வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்ன் முன்னின்று போராடி, 1960-இல் நகரமே வாங்கியதால் பிழைத்தது. ஓர் அரங்கு நிற்க வேண்டுமானால் அதன்மேல் பாசம் வைத்த கூட்டம் வேண்டும். சிம்பொனி ரசிகர்கள் மட்டும் அந்தக் கூட்டம் ஆகிவிட முடியாது. நான் முதன்முதலில் இப்படியொரு வாசற்படி ஏறியது சினிமாப் பாட்டு கேட்கத்தான்.

கடைசிவரிசை:
கட்டடம் பிழைத்தது, சரி. ஒலி? அதே கார்னெகியை 1986-இல் புதுப்பித்தார்கள். பழைய ஒலி போய்விட்டது என்று பல வருஷம் குறை சொன்னார்கள். 1995-இல் மேடைத் தரையைப் பிரித்தால் அடியில் கான்கிரீட்! அதை எடுத்தார்கள். காலடியில் கிடக்கும் ஒரு படலத்துக்கே காது இவ்வளவு பதறுகிறதென்றால், ஆளுயர ஸ்பீக்கரை என்ன சொல்வது?

மிக்ஸர்மேசை:
ஒலி அமைப்பதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஓர் ஒலி நின்ற பிறகு அதன் அளவு 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரத்தைத்தான் ரிவெர்ப் நேரம் என்போம். வியன்னாவின் முசீக்ஃபெரைன் (1870), ஆம்ஸ்டர்டாமின் கன்சர்ட்கபாவ் (1888), பாஸ்டன் சிம்பொனி ஹால் (1900) மூன்றிலும் ஆட்கள் நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 2 நொடி. வயலின்களுக்கு அது அமிர்தம். டிரம்ஸுக்கு அதில் பாதியே அதிகம். திரைச்சீலை தொங்கவிடலாமே என்பார்கள். துணி மேல் ஸ்தாயி ஒலிகளை விழுங்கும், டிரம்ஸின் கீழ் ஸ்தாயி முழக்கத்தை அவ்வளவாகத் தொடாது. கடைசிவரிசை கேட்ட குழப்பத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

இன்னொன்று. ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியலாளர், 1890-களில் நடுராத்திரியில் ஓர் ஆர்கன் குழலும் நிறுத்துக் கடிகாரமும் வைத்துக்கொண்டு, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அளந்தார். மெத்தை கூடக்கூட முழக்கம் சீக்கிரம் அடங்கியது. மனித உடம்பும் அப்படித்தான் ஒலியைக் குடிக்கிறது. பாஸ்டன் அரங்கு அவர் கணக்கில் எழுந்ததுதான். ஆகவே காலி அரங்கில் சரிபார்த்த ஒலி, கூட்டம் வந்ததும் மாறும். நல்ல ஆள் மேசையில் இருந்தால் சத்தத்தைக் குறைத்து, ஸ்பீக்கரைக் கூரைக்குக் காட்டாமல் ஆட்கள்மேல் திருப்பிச் சமாளிப்பார். ஓரளவுக்குத்தான்.

பழையது என்றாலே நல்ல ஒலி என்றும் நினைக்க வேண்டாம். லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் 1871-இல் திறந்த நாளிலிருந்தே எதிரொலிக்குப் பேர்போனது. 1969-இல் கூரையிலிருந்து கண்ணாடியிழை வட்டுகளைத் தொங்கவிட்ட பிறகுதான் அடங்கியது.

செவிக்கருவி:
எனக்கு இரண்டு காதிலும் கருவி. "மைக்கே கூடாது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மைக் இல்லாத அரங்கில் நான் பார்வையாளன் மட்டும்தான்.

கடைசிவரிசை:
மன்னியுங்கள், அதை நான் யோசிக்கவேயில்லை. மிக்ஸர்மேசை, இதற்கு ஸ்பீக்கர் அவசியமா?

மிக்ஸர்மேசை:
அவசியமில்லை. மேடை மைக்கிலிருந்து தரையடியில் ஓடும் கம்பிச் சுருளுக்குக் கொடுத்தால், அந்த வசதி உள்ள செவிக்கருவி நேராக வாங்கிக்கொள்ளும். அரங்கின் ஒலி கெடாது. டிக்கெட் வாங்கும்போதே சுருள் இருக்கிறதா, எந்த வரிசைகளில் என்று கேளுங்கள்.

மாடிப்படி:
இது நல்ல தகவல். ஆனாலும் டிரம்ஸை வெளியே அனுப்பச் சம்மதிக்க மாட்டேன். தேவாலயம் போல 1892-இல் கட்டிய, அமெரிக்காவின் நாஷ்வில்லில் உள்ள ரைமன் அரங்கில், 'கன்ட்ரி' எனும் அமெரிக்க கிராமிய இசைப் பாடகர்கள் மைக் முன்னால் நின்று பாடித்தானே பெயர் வாங்கினார்கள்?

கடைசிவரிசை:
ரைமனுக்கு அது பொருந்தியது, மறுக்கவில்லை. "கூடவே கூடாது" என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அதே அரங்குக்கு மீண்டும் போனேன். நான்கு பேர்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மெதுவான பகுதி முடிகிற இடம். செல்லோக்காரர் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டார், கை காற்றில் நிற்கிறது, நாதம் மட்டும் எங்கள் தலைக்கு மேலே இருந்துகொண்டேயிருந்தது. என் பக்கத்தில் இருந்த பெரியவர் மூச்சை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது. கடைசி வரிசையில், மைக் இல்லாமல். முந்தின நாள் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது கிடைத்திருக்கும்?

மாடிப்படி:
தேதி சொல்லுங்கள், அடுத்த நால்வர் கச்சேரிக்கு வருகிறேன். பதிலுக்கு நீங்கள் ஒரு ஜாஸ் கச்சேரிக்கு வர வேண்டும்.

கடைசிவரிசை:
வருகிறேன். ஸ்பீக்கருக்குத் தள்ளி இடம் பிடியுங்கள்.