எந்தக் கட்சி வளர்த்த சர்வாதிகாரி?

நியூ ஜெர்சியிலிருந்து:

நான் இங்கே ஒரு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பதினான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் தளத்து உணவறையில் தினமும் அரசியல் பேசும் இருவர் உண்டு. ஒருவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றுவந்த குடியரசுக் கட்சிக்காரர். மற்றவர் ஒவ்வொரு தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்காக வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்பவர். 2022 மே மாதத்தில், பிலிப்பைன்ஸ் அதிபர் தேர்தலில் அந்த நாட்டின் பழைய சர்வாதிகாரி பெர்டினாண்ட் மார்கோஸின் மகன் வென்ற செய்தி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தபோது இருவருக்கும் பேச்சு முற்றியது. அப்பன் மார்கோஸைத் தாங்கிப் பிடித்தவர் உங்கள் ரீகன்தானே என்று ஒருவர் கேட்டார். ஈரான் மன்னர் ஷாவின் விருந்தில் அமர்ந்து அந்த நாட்டை நிலைத்தன்மையின் தீவு என்று புகழ்ந்தவர் உங்கள் கார்ட்டர்தானே என்று மற்றவர் திருப்பிக் கேட்டார். பிறகு சிலி, நிகராகுவா, எகிப்து என்று நாடுகளின் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. தன் கட்சியின் பங்கைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

அதே மேசையில் மணிலாவில் பிறந்த மூத்த செவிலியர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். மூத்த சகோதரியை அவர்கள் மொழியில் ‘ஆத்தே’ என்று அழைப்பார்கள். நானும் அவரை அப்படித்தான் அழைக்கிறேன். ஆத்தே சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு, தன் அண்ணனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். 1972 செப்டம்பரில் மார்கோஸ் ராணுவச் சட்டத்தை அறிவித்தபோது அண்ணன் கல்லூரி மாணவர். 1976 இறுதியில் அவரை ஒரு ராணுவ முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டுதான் விட்டார்கள். இரண்டு காதுகளிலும் ஒரே நேரத்தில் ஓங்கி அறையும் சித்திரவதைக்கு அந்நாளில் ‘தொலைபேசி’ என்று பெயர் வைத்திருந்தார்களாம். அதற்குப் பிறகு அண்ணனுக்கு வலது காது கேட்பதில்லை.

“கைதானபோது ஃபோர்டு அதிபர், வெளியே வந்தபோது கார்ட்டர். என் அண்ணனை உங்களில் யாருடைய கணக்கில் எழுதுவீர்கள்?” என்று ஆத்தே கேட்டார். அவர் குரலை உயர்த்தவில்லை.

பிறகு அவர் விரல்விட்டு எண்ணிக் காட்டியதை நான் மறக்கவே மாட்டேன். மார்கோஸ் பதவியேற்றது 1965 டிசம்பரில். நாட்டைவிட்டு ஓடியது 1986 பிப்ரவரியில். அந்த இருபது ஆண்டுகளில் வாஷிங்டனில் ஜான்சன், நிக்சன், ஃபோர்டு, கார்ட்டர், ரீகன் என்று ஐந்து அதிபர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் ஜனநாயகக் கட்சி, மூன்று பேர் குடியரசுக் கட்சி. வியட்நாம் போருக்கு ஆசிய நாடுகளின் துணை வேண்டும் என்பதற்காக ஜான்சன் 1966இல் மார்கோஸை வெள்ளை மாளிகையில் வரவேற்றார். கார்ட்டர் மனித உரிமையைப் பற்றி அழுத்திப் பேசினார். தான் வெளியே வந்ததில் அந்தப் பேச்சுக்கும் பங்கு உண்டு என்று ஆத்தேயின் அண்ணன் இன்றும் நம்புகிறார். ஆனால் பிலிப்பைன்ஸில் அமெரிக்கா வைத்திருந்த கிளார்க் விமானத் தளத்தையும் சுபிக் விரிகுடாக் கடற்படைத் தளத்தையும் தக்கவைத்துக்கொள்வதற்காக, 1979இல் ஐந்து ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் உதவிக்கு உடன்பட்டதும் அதே கார்ட்டர் அரசுதான். 1981இல் மணிலாவுக்குச் சென்ற துணை அதிபர் ஜார்ஜ் புஷ், ஜனநாயகக் கோட்பாடுகளை மார்கோஸ் கடைப்பிடிப்பதாக விருந்தில் பாராட்டினார். கட்சிகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று ஆத்தே சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். தளங்கள் என்று வந்தால் அந்த வேறுபாடு மிகவும் மெலிந்துவிடும் என்பதே அவர் சொன்னது.

இந்த இடத்தில் கடற்படைக்காரர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போகவில்லை. தான் 1986 பிப்ரவரியில் சுபிக்கில் இருந்ததாகவும், கப்பலைவிட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்த நாட்களை நினைவில் வைத்திருப்பதாகவும் சொன்னார். பிறகு, “செனட்டர் ரிச்சர்ட் லூகர் எங்கள் கட்சிக்காரர். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்” என்றார். அதைத் தற்காப்பாக அவர் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அது உண்மை, என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே முக்கியமான பகுதியும் அதுதான். 1986 பிப்ரவரி 7ஆம் தேதி பிலிப்பைன்ஸில் நடந்த அதிபர் தேர்தலைப் பார்வையிட ரீகன் அனுப்பிய குழுவுக்கு லூகர் தலைமை தாங்கினார்; செனட்டின் வெளியுறவுக் குழுவின் தலைவரும் அவரே. வாக்குகளைத் தொகுத்துக்கொண்டிருந்த கணினிப் பணியாளர்கள் 30க்கும் மேற்பட்டோர், தாங்கள் பதிவு செய்யும் எண்களும் பலகையில் காட்டப்படும் எண்களும் பொருந்தவில்லை என்று எழுந்து வெளியேறிய நாட்கள் அவை. முறைகேடு இரண்டு தரப்பிலும் நடந்திருக்கலாம் என்று ரீகன் செய்தியாளர்களிடம் சொன்னார். லூகர் தன் அதிபரை வெளிப்படையாக மறுத்தார். பிப்ரவரி 19ஆம் தேதி, குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையில் இருந்த செனட், அந்தத் தேர்தல் மோசடியால் கெட்டது என்று 85க்கு 9 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேற்றியது. மூன்று நாட்களில் மணிலாவின் எட்சா நெடுஞ்சாலையில் மக்கள் திரளத் தொடங்கினார்கள். கடைசியாக மார்கோஸ் தொலைபேசியில் யோசனை கேட்டது ரீகனின் நெருங்கிய நண்பரான செனட்டர் பால் லக்சால்ட்டிடம். தொடர்பைத் துண்டித்துக்கொண்டு விலகும் நேரம் வந்துவிட்டது என்று லக்சால்ட் சொன்னார். பிப்ரவரி 25ஆம் தேதி மார்கோஸ் கிளம்பிவிட்டார்.

அமெரிக்காவில் ரீகனின் எதிர்க்கட்சியினர் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்திருந்தார்கள். ஜனநாயகக் கட்சியின் ஸ்டீபன் சோலார்ஸ், நியூயார்க்கில் மார்கோஸ் குடும்பத்துக்கு இருந்த கட்டடங்களைப் பற்றி நாடாளுமன்ற விசாரணையே நடத்தினார். அவர் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனாலும் எதிர்க்கட்சி சொல்வதை அரசியல் என்று ஒதுக்கித் தள்ளிவிட முடியும். சொந்தக் கட்சிக்காரர் சொன்னதை ரீகனால் அப்படித் தள்ள முடியவில்லை. இதைச் சொல்லும்போது நான் எல்லாவற்றையும்விட மணிலா வீதிகளில் நின்ற மக்களை முன்னே வைக்கிறேன். அவர்கள் நிற்காவிட்டால் எந்தத் தீர்மானமும் வெறும் காகிதமாகியிருக்கும்.

சியோலிலிருந்து:

சகோதரி எழுதியதைப் படித்ததும் என் வீட்டு உரிமையாளரின் நினைவு வந்தது. நான் தென்கொரியாவுக்கு ஆராய்ச்சி மாணவனாக வந்த முதல் ஆண்டு, மே 18ஆம் தேதி அவர் என்னைக் குவாங்ஜுவில் உள்ள கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். 1980இல் ராணுவத்தை எதிர்த்து எழுந்த அந்த நகரத்தில், மே 27ஆம் தேதி விடியற்காலையில் படைகள் நுழைந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. எந்த அமெரிக்கத் தலைவர் மீது உங்களுக்குக் கோபம் என்று அறியாப்பிள்ளையாகக் கேட்டுவிட்டேன். அவர் இரண்டு பெயர்களையும் சொன்னார். நகரத்தை மீட்க 20ஆவது படைப்பிரிவை அனுப்புவதற்குக் கார்ட்டரின் அரசு தடை சொல்லவில்லை. ஆட்சியைக் கைப்பற்றியிருந்த தளபதி சுன் டூ-ஹுவானை 1981 பிப்ரவரியில், தான் பதவியேற்று இரண்டு வாரம் முடிவதற்குள், ரீகன் வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கைகுலுக்கினார்.

ஆனால் அவரே இன்னொன்றையும் சொன்னார். மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த தென்கொரிய எதிர்க்கட்சித் தலைவர் கிம் டே-ஜுங்கைக் காப்பாற்ற, விலகிப்போகும் கார்ட்டரின் அதிகாரிகளும் உள்ளே வரவிருந்த ரீகனின் ஆட்களும் சுன்னிடம் ஒரே கோரிக்கையை வைத்தார்கள். 1981 ஜனவரியில் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. அந்த மனிதர் 1997 தேர்தலில் வென்று நாட்டின் அதிபரானார். உரிமையாளர் இதைச் சொன்னபோது கல்லறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களுக்காகவும் அவ்வாறு சேர்ந்து கேட்டிருக்கலாமே என்றார்.

நியூ ஜெர்சியிலிருந்து மீண்டும்:

தம்பி, உங்கள் வீட்டு உரிமையாளரின் பேச்சை ஆத்தேயிடம் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். அதே லூகர் 1986 அக்டோபரில், தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுக்கு எதிரான தடைச் சட்டத்தை ரீகன் நிராகரித்தபோது, அந்த நிராகரிப்பைச் செனட்டில் 78க்கு 21 என்று முறியடிக்க முன்னின்றார் என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

உணவறையில் இப்போதும் அந்த இருவரும் வாதிடுகிறார்கள். ஆனால் கடற்படைக்காரர் ஒரு நாள் ஆத்தேயிடம் வந்து, அண்ணன் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். ராணுவச் சட்டக் காலத்தில் பாதிக்கப்பட்டவர்களாக பிலிப்பைன்ஸ் அரசின் வாரியம் ஏற்றுக்கொண்ட 11,103 பேரில் அண்ணனும் ஒருவர் என்று சொல்லிவிட்டு, ஆத்தே அங்கேயே கைபேசியில் அவரைக் காணொளியில் அழைத்தார். சுபிக்கில் இருந்தவர் என்று அறிமுகப்படுத்தியதும், அந்த முதியவர் சரியாகக் கேட்பதற்காக இடது காதைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.