பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கணினி துவங்கவில்லை: உதவி தேவை

ஷீட்டுக்கடை, குலசேகரம்:
அப்பாவின் ரப்பர் ஷீட் கடைக் கணக்கெல்லாம் இந்தக் கணினியில்தான் இருக்கிறது. 2012இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை ஐ3, ஹெச்61 மதர்போர்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஷீட் கொண்டுவந்தவர் சாயா குடித்து முடித்த பிறகும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பொறுமை இழந்து, சாட்டா கேபிளில் மாட்டும் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்கினேன். பழையதைக் கழற்றாமலே புதியதில் விண்டோஸ் 10 நிறுவினேன். நன்றாக ஓடியது. நேற்றிலிருந்து பழைய டிஸ்க் டக் டக் என்று தட்டுகிறது. அதைக் கழற்றினால் துவக்க வட்டு இல்லை என்கிறது கணினி. திரும்ப மாட்டினால் ஓடுகிறது. கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். வாங்கிய கடையில் கேட்டால், மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். எஸ்எஸ்டி பழுதா?

வேகவிரும்பி, மார்த்தாண்டம்:
சாட்டாவை விடுங்கள். ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டையில் என்விஎம்இ, அதாவது சாட்டாவைவிட வேகமான எஸ்எஸ்டி, மாட்டுங்கள், பறக்கும்.

ஸ்குரூடிரைவர், தக்கலை:
பறக்காது மக்களே. அந்தக் காலத்து பயாஸுக்கு (கணினியைத் துவக்கும் மதர்போர்டு நிரல்) என்விஎம்இயிலிருந்து துவங்கத் தெரியாது; வெறும் கோப்பு வைக்கத்தான் ஆகும்.
தம்பி, மதர்போர்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். விண்டோஸில் டிஸ்க்குகளைக் காட்டும் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, சிஸ்டம் ரிசர்வ்டு என்ற பகுதி எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஷீட்டுக்கடை, குலசேகரம்:
பழையதில், 100 எம்பி. எஸ்எஸ்டியில் சி மட்டும்தான் இருக்கிறது அண்ணாச்சி.

ஸ்குரூடிரைவர், தக்கலை:
அது விண்டோஸ் 7 காலத்துப் பகுதி. புதிய விண்டோஸை நிறுவும்போது அது கண்ணில் பட்டதால், துவக்கக் கோப்புகளை அங்கேயே எழுதிவிட்டது. வீடு புதிது, சாவி பழைய வீட்டில். நிறுவும்போது எஸ்எஸ்டியை மட்டும் மாட்டியிருந்தால் இந்த வினையே இல்லை.
தட்டுகிற டிஸ்க்கை நம்பக் கூடாது. முதலில் கணக்கைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். இதை முடிக்காமல் அடுத்ததைத் தொடாதீர்கள்.
பிறகு இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போதே, டிஸ்க் மேனேஜ்மென்டில் எஸ்எஸ்டியின் சி பகுதியை வலது சொடுக்கி ஆக்டிவ் (கணினி துவங்க வேண்டிய பகுதி) ஆக்குங்கள். நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் சி: என்று ஆங்கில எழுத்தில் (bcdboot C:\Windows /s C:) அடியுங்கள்; துவக்கக் கோப்புகள் எஸ்எஸ்டியில் எழுதப்படும். கணினியை நிறுத்தி, பழையதைக் கழற்றி, எஸ்எஸ்டியை முதல் சாட்டா முனையில் செருகுங்கள். பயாஸில் துவக்க வரிசையையும் ஒருமுறை பாருங்கள்.

ஷீட்டுக்கடை, குலசேகரம்:
ஆக்டிவ் ஆக்க மறந்ததால் முதல் தடவை துவங்கவில்லை. பழையதை மாட்டி மறுபடி செய்தேன், துவங்கிவிட்டது! ஆனால் எஸ்எஸ்டி பெட்டியில் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் என்று போட்டிருக்கிறது. சோதித்தால் 260தான் வருகிறது.

ஸ்குரூடிரைவர், தக்கலை:
உங்கள் மதர்போர்டின் ஹெச்61 சிப்செட்டில் இருப்பது சாட்டாவின் பழைய வடிவமான சாட்டா 2தான். அதன் உச்சமே நொடிக்கு 300 எம்பி. நடைமுறையில் 260 வந்தால் சரி. உங்களுக்குத் தெரிகிற வேகம் அந்த எண்ணால் வந்ததும் அல்ல. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு சிறு கோப்புக்கும் ஊசி நகர்ந்து, தட்டு சுழன்று வர வேண்டும். எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பு இல்லை.

ஷீட்டுக்கடை, குலசேகரம்:
சரி அண்ணாச்சி. பழைய டிஸ்க்கைக் கணக்கின் நகல் வைக்கப் பயன்படுத்தலாமா?

ஸ்குரூடிரைவர், தக்கலை:
தட்டுகிற டிஸ்க்கிலா? புதிதாக ஒரு யுஎஸ்பி டிஸ்க் வாங்குங்கள். மாலையில் நகல் எடுத்ததும் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.