வீட்டிலேயே மாண்டிசோரி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ரெண்டு வயசுக்காரி அம்மா

ஒரு தட்டு, இரண்டு கிண்ணம், ஸ்பூன், ஒரு பிடி கொண்டைக்கடலை. குழந்தை தானே கையால் செய்து கற்கட்டும் என்கிற மாண்டிசோரி முறையில் எல்லோரும் செய்வதுதான், ஒரு கிண்ணத்துக் கடலையை ஸ்பூனால் அடுத்த கிண்ணத்துக்கு மாற்றுவது. அன்றைக்கு என்னவோ மகளுக்குப் பிடித்துப்போய்விட்டது. நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றுகிறாள், குக்கர் விசிலடிக்கிறது, வாசலில் கீரைக்காரர் கத்துகிறார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கடலை பீரோவுக்கடியில் உருண்டது. குப்புறப் படுத்துக் கையை விட்டு எடுத்து, திரும்ப வந்து உட்கார்ந்து, அதையும் ஸ்பூனில் வைத்தே போட்டாள். அப்போதுதான் மாமியார் "அடி என் சமத்துக்குட்டி!" என்று கை தட்டினார். அவ்வளவுதான், ஸ்பூனைப் போட்டுவிட்டுத் தானும் கை தட்டிக்கொண்டே ஓடிவிட்டாள். இப்போதெல்லாம் தட்டை வைத்தாலே கை தட்டுகிறாள், கடலையைத் தொடுவதில்லை. மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது?

தஞ்சாவூர் பாட்டி

கை தட்டினால் குழந்தை கெட்டுப்போகுமா? நானும் மாமியார்தான், அதனால் கேட்கிறேன். இந்த முறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோதே இந்த ஊர் வீடுகளில் பாட்டிகள் இருந்தார்கள்.

என் கதை வேறு. லீவுக்குப் பேரன் வந்திருந்தான். நான் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவனும் உரிக்க ஆரம்பித்தான். நார் முழுசாக நீளமாக வந்தது ஒன்று, அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான் பாருங்கள். அதற்குள் என் மகள் "ஆக்டிவிட்டி டைம்" என்று அவனைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு ட்ரே முன்னால் உட்கார வைத்தாள். ட்ரேயில் கலர் கலராகப் பஞ்சு உருண்டை, ஒரு இடுக்கி. நார் இன்னும் அவன் கையில் இருந்தது.

குழந்தைகள் வார்டு நர்ஸ்

கொண்டைக்கடலை, இரண்டு வயது என்று படித்ததும் எனக்குப் பகீர் என்றது. ஒரு பையனுக்கு ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நாற்றத்தோடு சளி வருகிறது என்று கூட்டி வந்தார்கள். சளிக்கு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், நிற்கவில்லை. டாக்டர் எடுத்தபோது வந்தது ஊறி உப்பிய ஒரு கடலை. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார், பையன் சிரித்தான்.

எனவே கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மூன்று வயது வரை கடலை, பயறு, மணி, புளியங்கொட்டை எதுவும் வேண்டாம். பொம்மைகளைச் சோதிக்க மூன்று சென்டிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள ஒரு உருளை வைத்திருக்கிறார்கள், அதற்குள் முழுசாக அடங்குகிற எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது கணக்கு. பெரிய எலுமிச்சம்பழத்தைக் கரண்டியால் தூக்கி மாற்றட்டும், அதே வேலைதான். ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முக்கி அடுத்த கிண்ணத்தில் பிழியலாம். ஆனால் தண்ணீர் என்றால் பக்கத்தில் ஆள் வேண்டும், வாளி ஆகவே ஆகாது. மூக்கில் ஏதாவது போய்விட்டால் ஹேர்பின்னால் நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும். பட்டன் பேட்டரி என்றால் உடனே ஆஸ்பத்திரி, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

நைட் ஷிப்ட் அப்பா

நர்ஸ் சிஸ்டர் சொல்வது சரி. எங்களுக்குப் பரிசாக வந்த பிங்க் டவரில் (பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குகிற மாண்டிசோரி கட்டைகள்) பத்து கட்டைகள், கடைசிக் கட்டை வெறும் ஒரு சென்டிமீட்டர். முதல் வேலையாக அதை வாயில் போட்டான், பிடுங்கி பீரோவில் பூட்டினேன். மிச்ச ஒன்பதும் இப்போது பஸ் ஸ்டாண்ட்.

பாட்டியிடம் ஒரே ஒரு சண்டை. பாராட்டுவது தப்பில்லை, நடுவில் பாராட்டுவதுதான் தொல்லை. என் பையன் சின்ன எவர்சில்வர் ஜக்கிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றுவான், டம்ளரில் எதுவரை என்று ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். தாண்டினால் கீழே வழியும், நான் வாயைத் திறக்கவே வேண்டாம், தரையே சொல்லிவிடும். ஒரு நாள் வழிந்ததும் நேராகப் போய்த் துணியை எடுத்து வந்து துடைத்தான், ஈரத்துணியைக் கொடியில் போட எட்டாமல் கதவுக் கைப்பிடியில் மாட்டினான். ஷிப்ட் முடிந்து அரைத்தூக்கத்தில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்க் கட்டிப்பிடித்திருந்தால் அந்தக் கைப்பிடி விஷயம் நடந்திருக்குமா?

தஞ்சாவூர் பாட்டி

தம்பி, அப்படியென்றால் கொடியைத் தாழக் கட்டுங்கள். அவரைக்காயைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே?